பிள்ளைக்குத் தரவேண்டிய பணம்: வருஷங்கள் போனால் கடன் போய்விடுமா?

மளிகைக் கடையில் கடன் வைத்தவன், அந்தக் கடை இருக்கும் தெருவில் நடக்கவே கூச்சப்படுவான். பெற்ற பிள்ளைக்குத் தரவேண்டிய பணத்தைப் பத்து வருஷம் பாக்கி வைத்தவனோ தாராளமாக நடமாடுகிறான்!

காரணம் என்ன? "அதெல்லாம் பழைய கதை. இனிமேல் யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்ற துணிச்சல்தான்.

கேட்கலாம் என்கிறது சட்டம். ஆனால், சுலபமாக வசூலிக்கும் வழிக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவைத் தெரிந்துகொள்ளாததால் ஏமாந்து போகும் தாய்மார்கள் பலர்.

கடற்கரை ஊரில்

செங்கற்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கத்தை ஒட்டிக் கடற்கரையில் இருக்கிறது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை, சிதைந்த நிலையில் இன்றும் அங்கே நிற்கிறது.

கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிக் கிடைக்கும் வேலைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் கணவன் விட்டுப் போய்விட்டால், பெண் என்ன செய்வாள்? மீன் கூடை சுமப்பாள்; கூலி வேலைக்குப் போவாள்; எப்படியாவது பிள்ளையை வளர்ப்பாள்.

மாவட்டத்தின் தலைநகரான செங்கற்பட்டு, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோர்ட்டில் ஒரு வாய்தா என்றால், அன்றைய கூலி போய்விடும். பஸ் செலவு வேறு!

அதனால், ஒரு மாதம் பணம் வராவிட்டால், "அடுத்த மாதம் வரும்" என்று இருந்துவிடுகிறாள். மாதங்கள் வருஷங்கள் ஆகின்றன. கைக்குழந்தையாக இருந்தவன் மீசை முளைத்த வாலிபன் ஆகிவிடுகிறான். பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

மனைவி மக்களுக்கு ஜீவனாம்சம் தரவேண்டும் என்பது இன்று நேற்று வந்த சட்டம் அல்ல.

1898-ம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் அது 488-வது பிரிவாக இருந்தது. 1973-ம் ஆண்டுச் சட்டத்தில் 125-வது பிரிவு ஆயிற்று. 2024 ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் 144-வது பிரிவாக இருக்கிறது.

பிரிவின் எண்தான் மாறியதே தவிர, தந்தையின் கடமை மாறவில்லை.

இந்தச் சட்டத்தின் கீழ் எந்த மதத்துப் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். பெற்றோருக்கு முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையின் உரிமை போய்விடாது.

2001-ம் ஆண்டு வரை, மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட்டு உத்தரவிட முடியாது. அந்த ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, அந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டது. இப்போது தந்தையின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் பார்த்துத் தொகை நிர்ணயிக்கப்படுகிறது.

ஒரு வருஷக் கெடு

கோர்ட்டு உத்தரவு போட்டும் தந்தை பணம் கொடுக்கவில்லை. பிறகு என்ன?

தாய் மனு போட்டால், அபராதத்தை வசூலிப்பதுபோல் அந்தப் பணத்தை வசூலிக்க மாஜிஸ்திரேட்டு வாரண்டு பிறப்பிக்கலாம். இங்கேதான் அந்தக் கெடு வருகிறது. பணம் கொடுக்கவேண்டிய நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போடவேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்டு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

மாதம் 2,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவு. தந்தை 6 வருஷம் கொடுக்கவே இல்லை. மொத்தப் பாக்கி 1 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். 6 வருஷம் பொறுத்திருந்த தாய், அதன் பிறகுதான் முதல் தடவையாக மனு போடுகிறாள்.

வாரண்டு மூலம் அவள் கேட்கக்கூடியது, கடைசி 12 மாதத்துக்கு உரிய 24 ஆயிரம் ரூபாய் மட்டுமே! மீதி 1 லட்சத்து 20 ஆயிரம்?

அந்தக் கடன் செத்துவிடவில்லை. சிவில் வழக்குப் போட்டு அதைக் கேட்கலாம். ஆனால் அது நீண்ட பாதை. கையில் காசு இல்லாதவளுக்குக் கடினமான பாதை.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இந்தக் கெடுவைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு தாயும் மகனும் நடத்திய வழக்கில் கிடைத்தது.

அவர்களுக்கு ஜீவனாம்சம் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டு இருந்தது. பணம் வரவில்லை. தொடக்கத்திலேயே, கெடுவுக்குள், அவர்கள் ஒரு மனு போட்டார்கள். அது முடியாமல் இழுத்துக்கொண்டே போயிற்று. பல வருஷங்களுக்குப் பிறகு, எல்லா வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கேட்டு இன்னொரு மனு போட்டார்கள்.

"இரண்டாவது மனுவுக்கு முந்திய ஒரு வருஷப் பாக்கிதான் கிடைக்கும்" என்று சென்னை ஐகோர்ட்டு கூறியது. தாயும் மகனும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2013 செப்டம்பர் 27-ந் தேதி, தலைமை நீதிபதி பி. சதாசிவம், நீதிபதி ரஞ்சன் கோகோய் ஆகியோர் தீர்ப்புக் கூறினார்கள். ஐகோர்ட்டு உத்தரவை அவர்கள் தள்ளிவிட்டார்கள்.

முதல் மனு கெடுவுக்குள் வந்துவிட்டது. பின்னால் வந்த மனு அதன் தொடர்ச்சியே. ஆகவே முழுப் பாக்கியையும் கேட்கலாம் என்பது தீர்ப்பு. ஒரு வருஷக் கெடு என்பது வாரண்டு முறைக்குத்தானே தவிர, பணத்தைப் பெறும் உரிமையை அது அழித்துவிடாது என்பதையும் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

ஆக, காலத்தில் போட்ட ஒரே ஒரு மனு, அத்தனை வருஷத்துப் பாக்கியையும் காப்பாற்றிவிட்டது!

சிறைக்குப் போனால் கடன் தீருமா?

வாரண்டு பிறப்பித்தும் பணம் வராவிட்டால், பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கச் சட்டம் இடம் தருகிறது.

"சிறைக்குப் போய் வந்துவிட்டேன். கணக்குத் தீர்ந்தது" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். தீரவில்லை! சிறை என்பது பணத்தைக் கொடுக்க வைக்கும் வழி. அதுவே பணம் கொடுத்ததற்குச் சமம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு முன்பே கூறி இருக்கிறது.

"பிள்ளைதான் வளர்ந்துவிட்டானே" என்பதும் சாக்கு ஆகாது. மகனுக்கு 18 வயது ஆனபிறகு புதிய தொகை நிற்கலாம். அதற்கு முன்பு கொடுக்காமல் விட்டது கடன்தான்.

ஊரை மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாமா? அதுவும் முடியாது. அவன் எந்த ஊரில் இருக்கிறானோ, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே உத்தரவை நிறைவேற்றலாம்.

அவனிடம் நிலமோ சொத்தோ இருந்தால், நிலவரி பாக்கியைப்போல் வசூலிக்கும்படி கலெக்டருக்கு எழுதலாம். மாதச் சம்பளக்காரன் என்றால், சம்பளத்தையே ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதியைத்தான் ஜப்தி செய்ய முடியும். ஜீவனாம்ச டிகிரிக்கோ, மூன்றில் ஒரு பங்கை அவனுக்கு விட்டுவிட்டு, மீதியை ஜப்தி செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது.

தந்தையின் பக்கமும் உண்டு

வேலை போய்விட்டது, நோய் வந்துவிட்டது என்று உண்மையாகவே கஷ்டப்படும் தந்தைமார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சட்டத்தில் வழி உண்டு.

நிலைமை மாறிவிட்டது என்று மனுப் போட்டு, தொகையைக் குறைக்கும்படி கேட்கலாம். புதிய சட்டத்தின் 146-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. அப்படிக் கேட்காமல், சும்மா இருந்துவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

பணம் கொடுக்கிறவர்கள் பாங்கி மூலமாகவோ மணியார்டர் மூலமாகவோ அனுப்புவது நல்லது. கையில் கொடுத்துவிட்டு, ரசீது இல்லாமல் பின்னால் தவிப்பவர்களும் உண்டு.

யாருக்கு லாபம்?

இவ்வளவு சட்டம் இருந்தும் பாக்கி ஏன் நிற்கிறது?

தாமதம் செய்தால், பணம் கொடுக்காதவனுக்குத்தான் லாபம். ஜீவனாம்சப் பிரிவில் வட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. 1995-ல் 300 ரூபாய் கொடுத்திருந்தால் பிள்ளைக்குச் சட்டை, புத்தகம், அரிசி எல்லாம் வாங்கி இருக்கலாம். அதே 300 ரூபாயை 20 வருஷம் கழித்துக் கொடுத்தால் எத்தனை நாளைக்குக் காணும்?

வசூலிக்கும் பாரம் முழுவதும் தாயின் தலையில் இருப்பது இன்னொரு காரணம். அவன் எங்கே இருக்கிறான், என்ன சம்பாதிக்கிறான் என்பதை அவளே கண்டுபிடிக்கவேண்டி இருக்கிறது. இதைக் குறைப்பதற்காக, இரண்டு பேரும் தங்கள் சொத்து, வருமானக் கணக்கைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கவேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

வேறு சில நாடுகளில் சர்க்காரே முன்வருகிறது. ஜெர்மனியில் தந்தை பணம் கொடுக்காவிட்டால், சர்க்கார் முதலில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தந்தையிடம் வசூலிக்கிறது. அமெரிக்காவில் பிள்ளைக்குரிய பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டே கிடைக்காது.

நம் நாட்டிலும் அப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை, தாய்தான் விழிப்போடு இருக்கவேண்டும்.

தாய்மார்கள் செய்யவேண்டியது

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பது இல்லை. செங்கற்பட்டில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம். கோர்ட்டு உத்தரவின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்கவேண்டும் என்பதும் சட்டம்.

அந்த நகலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் மட்டும் போதாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில், பணம் வந்த தேதியையும் வராத மாதத்தையும் குறித்துக்கொண்டே வரவேண்டும்.

பணம் வராத முதல் மாதத்தில் இருந்து 12 மாதம் ஆவதற்குள், மனு கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. பிள்ளையின் பல வருஷப் பணம் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.