கல்வெட்டு விருப்பப் பாடமல்ல
சேர்க்கைப் பருவம் தொடங்கிவிட்ட வேளையில், தமிழகப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் முதுகலையில் கல்வெட்டியலைக் களப்பயிற்சியுடன் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என வலியுறுத்துகிறோம். மைசூரிலிருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் உத்தரவிட்டது. வரவேற்கத்தக்கதே, ஆனால் வந்துசேரும் படிகளை வாசிக்க ஆள் வேண்டாமா? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைமுறையை மேடைதோறும் முழங்குகிறோம் (தேர்தல் காலத்தில் சற்றுக் கூடுதலாகவே). அதைச் சொல்லும் கல்வெட்டுள்ள கோயில் சுவரின் முன் நின்று நான்கு வரி படிக்கத் தெரிந்த பட்டதாரிகளைக் காண்பது அரிது. போட்டித் தேர்வுக்காகவே பலர் வரலாறு படிக்க வருகிறார்கள், வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்துகள் அவர்களுக்குச் சுமை என்று சிலர் சொல்கிறார்கள். வேலைவாய்ப்புக் கவலை நியாயமானது. அதற்காக மூலச் சான்றைத் தொடாமலேயே வரலாற்றுப் பட்டம் வழங்குவதை ஏற்க முடியாது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பதைக் கரும்பலகையில் கற்பிக்க இயலாது. ஒவ்வொரு மாணவரும் ஒரு கல்வெட்டையேனும் தாமே படியெடுத்து வாசித்தளிக்க வேண்டும்; அதற்கு மதிப்பெண் உண்டு என்பதைப் பாடத்திட்டக் குழுக்கள் இந்தக் கல்வியாண்டிலேயே விதியாக்க வேண்டும். பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும்.