பாங்காக்கா... டார் எஸ் சலாமா?

ஏரல் கடைத்தெருவுக்குக் கல்யாணச் சாமான் எடுக்க வருகிறவர்கள் பாத்திரத்தை மட்டும் தட்டிப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளையையும் தட்டிப் பார்க்கிறார்கள்.

"பையன் எங்கன இருக்கான்?"

"வெளிநாட்டுல, அண்ணாச்சி."

"சிங்கப்பூரா?"

"இல்ல, டான்சானியா."

"அது எந்தப் பக்கம்?"

"ஆப்பிரிக்கா."

அண்ணாச்சி கையிலிருந்த குடத்தை மெதுவாகக் கீழே வைக்கிறார். "ஏன்... இங்கன ஒரு வேலையும் அமையலையாக்கும்?"

அதே பையன் 'கம்போடியா' என்று சொல்லியிருந்தால், "அதும் சிங்கப்பூர் பக்கந்தான" என்று குடத்துக்கு உடனே பில் போட்டிருப்பார்கள். கிழக்கே போனவன் பிழைத்துக்கொள்வான், மேற்கே போனவன் சிங்கத்திடம் சிக்குவான் என்பது நம்மூர் பூகோளம். இந்தப் பூகோளத்தை நம்பித்தான் பல வீடுகளில் பெண் கொடுக்கிறார்கள். அதைவிட ஆபத்து, இதை நம்பித்தான் பல பையன்கள் ஏஜென்டிடம் பணம் கொடுக்கிறார்கள்.

பையன்களையும் குறை சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கடைத்தெருவுக்குள்ளேயே வந்து துணிமணி, பாத்திரம், கணக்கு நோட்டு எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போனது. ஒரே ராத்திரியில் முதல் முழுகுவதைப் பார்த்தவன் "நான் வெளியூர் போறேன்" என்றால் அதில் நியாயம் இருக்கிறது. எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தென்கிழக்கு ஆசியாவில் நாடுகள் 11. ஆப்பிரிக்காவில் 54. 'ஆப்பிரிக்கா எப்படி இருக்கும்?' என்று கேட்பது, 'ஆசியா எப்படி இருக்கும்?' என்று கேட்பது மாதிரி. ஜப்பானும் ஆசியாதான், ஏரலும் ஆசியாதான். என்ன பதில் சொல்ல?

தூரமும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. சென்னையில் விமானம் ஏறினால் பாங்காக் சுமார் மூன்றரை மணி நேரம், சிங்கப்பூர் நாலரை. மும்பையில் ஏறினால் நைரோபி ஏறத்தாழ ஆறு மணி. முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடியிலிருந்து எழும்பூர் போய்ச் சேருவதற்குள் ஒருத்தர் கென்யாவில் இறங்கி, குளித்து, இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிடலாம். சப்பாத்தி அங்கே தாராளமாகக் கிடைக்கும், அதே பெயரில்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த இரண்டு பக்கமும் நமக்கு அந்நியமே இல்லை ஸார். உங்கள் வீட்டுப் பந்தியைப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் வளரும் வாழை, பழைய காலத்தில் தென்கிழக்கு ஆசியப் பக்கமிருந்து பரவியது. ஆத்தூர் வெற்றிலையின் மூதாதையும் அந்தத் திசைதான். குழம்புக்குக் கரைக்கிற புளி? ஆப்பிரிக்கா. தாத்தா உடம்பை உரமேற்றிய கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவை. கிழக்கிலிருந்து வந்த இலையைப் போட்டு, மேற்கிலிருந்து வந்த புளியைக் கரைத்து ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "ஆப்பிரிக்காவில் என்னத்தத் திங்கிறது?" என்று கவலைப்படுகிறோம்.

ரேஷன் கடை பாமாயில் கதை இன்னும் சுவாரசியம். எண்ணெய்ப் பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-ல் டச்சுக்காரர்கள் நாலே நாலு கன்றுகளை ஜாவாவில் போகோர் தோட்டத்தில் நட்டார்கள். 1917-ல் மலாயாவில், செலாங்கூர் பக்கம், வியாபாரத்துக்கென்று பயிர் செய்தார்கள். அந்தத் தோட்டக்காடுகளில் வியர்வை சிந்தியவர்களில் நம் ஜனங்கள் ஏராளம். ஆக, ஆப்பிரிக்க மரம், மலேசிய மண், தமிழன் உழைப்பு, நம்மூர் அப்பளம்!

தூத்துக்குடி மக்ரூனும் சளைத்ததல்ல. பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முந்திரியோ பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர்கள் கொண்டுவந்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறங்கும் முந்திரிக்கொட்டை, டான்சானியா, ஐவரி கோஸ்ட், பெனின் மாதிரி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. மக்ரூன் வாயில் கரைகிறபோது கண்டம் எது என்று யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் நேற்றைய சமாசாரம் இல்லை. ஏரலுக்குப் பக்கத்திலேயே கொற்கை இருக்கிறது. பாண்டியன் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது. கடல் கோபித்துக்கொண்டு சில கிலோமீட்டர் தள்ளிப் போனபிறகு, இப்போது அங்கே வயலும் வாழையும்தான். அந்தக் காலத்தில் கடற்கரைத் தமிழன் எங்கே போனான் என்பதற்கு இரண்டு துண்டுச் சாட்சிகள் உண்டு.

ஒன்று, எகிப்தில் செங்கடல் ஓரம் குசேர் அல்-காதிம் என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடு. சுமார் 2,000 வருஷப் பழசு. அதில் தமிழ் பிராமியில் 'பானை உறி' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று, தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் கிடைத்த பொன் உரைக்கும் கல். கி.பி. 3 அல்லது 4-ம் நூற்றாண்டு. அதில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. பெரிய தட்டானுடைய உரைகல் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

எகிப்து எந்தக் கண்டம்? ஆப்பிரிக்கா! ஒருத்தன் மேற்கே உறியோடு போயிருக்கிறான். ஒருத்தன் கிழக்கே உரைகல்லோடு போயிருக்கிறான். ராஜா பெயரையோ போர் வெற்றியையோ எழுதவில்லை. 'இது என் சாமான், எடுக்காதே' என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார்கள். மேன்ஷன் ரூம்மேட்டுக்குப் பயந்து சோப்பு டப்பாவில் பெயர் எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

* * *

சரி, நித்திய வாழ்க்கைக்கு வருவோம். காலையில் ஆபீஸ் போக வேண்டும். எதில் போவது?

டார் எஸ் சலாமில் 'டாலா டாலா'. நைரோபியில் 'மட்டாட்டு'. லாகோஸில் மஞ்சள் நிற 'டான்ஃபோ'. மணிலாவில், யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிப் பிறந்த 'ஜீப்னி'. தாய்லாந்தில் 'சாங்தேவ்'. அதற்கு இரண்டு வரிசை என்று அர்த்தம், எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டிருப்பார்கள். பெயர்தான் வேறு. சட்டம் ஒன்றே. நிறைந்தால்தான் கிளம்பும், நிறைந்தபிறகும் நாலு பேரை ஏற்றும். தூத்துக்குடி ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் அரை சீட்டில் பயணம் செய்தவனுக்கு உலகத்தில் எந்த ஊரிலும் பயிற்சி வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிள் டாக்ஸியும் இரண்டு பக்கமும் உண்டு. உகாண்டா எல்லையில் ஆள் கடத்திவிட்டதால் ஆங்கில 'பார்டர்' மருவி 'போடா போடா' ஆனது. நம் ஆள் முதல் நாள் இறங்கியதும், யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்தால் கம்பெனி பொறுப்பல்ல. வியட்நாமில் அதற்கு 'ஸே ஓம்'. அதாவது கட்டிப்பிடி வண்டி. பின்னால் உட்காருகிறவன் டிரைவரைப் பிடித்துக்கொள்வதால் வந்த பெயர், வேறு விசேஷம் எதுவும் இல்லை.

கடிகாரத்தில்தான் உஷார் வேண்டும். சுவாஹிலி மொழியில் பகல் கணக்கு சூரிய உதயத்திலிருந்து ஆரம்பம். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. எட்டு என்றால் இரண்டு. "இரண்டு மணிக்கு பஸ்" என்று சொன்னதை நம்பி மத்தியானம் போனால், பஸ் ஆறு மணி நேரம் முன்னாலேயே போயிருக்கும். தாய்லாந்திலும் பேச்சு வழக்கில் இரவு ஏழு மணிக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். நாமும் உதயாதி நாழிகை பார்த்தே முகூர்த்தம் வைத்தவர்கள் என்பதால் சிரிக்க உரிமையில்லை.

பாஷை? கிழக்கே மலாய்க்காரர் கடையை 'கெடாய்' என்பார். கப்பல் 'கப்பால்'. பெட்டி 'பெத்தி'. கட்டில் 'காத்தில்'. எல்லாம் நம்மிடம் கடன் வாங்கித் திருப்பித் தராதவை. மேற்கே சுவாஹிலியில் கடை 'டூக்கா', வண்டி 'காரி', டீ 'சாய்', பணம் 'பெசா'. இதெல்லாம் குஜராத்தி வியாபாரிகளும் அரபிக்காரர்களும் போய்வந்த வழியில் சிந்தியவை.

அந்தப் 'பெசா'வில் ஒரு விஷயம் இருக்கிறது. 2007-ல் கென்யாவில் 'எம்-பெசா' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். சாதாரண பட்டன் போனில் எஸ்.எம்.எஸ். மாதிரி பணம் அனுப்பலாம். பேங்க் கணக்கே வேண்டாம். காய்கறிக்காரம்மா முதல் போடா போடாக்காரர் வரை எல்லோரும் அதற்குப் பழகினார்கள். நம்முடைய யு.பி.ஐ. வந்தது 2016-ல். நாம் பேங்க்கில் சலான் எழுதப் பேனா இரவல் கேட்டுக்கொண்டிருந்தபோது, நாம் 'இருட்டுக் கண்டம்' என்ற இடத்தில் ஒரு கிராமத்துப் பாட்டி செல்போனில் பேரன் அனுப்பிய பணத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

* * *

அதனால் ஆப்பிரிக்கா எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2025 நவம்பரில் மாலி நாட்டில் மின்சார வேலைக்குப் போயிருந்த நம் தென் மாவட்டத்துப் பையன்கள் ஐந்து பேரை ஆயுதம் தாங்கிய கும்பல் கடத்திக்கொண்டு போனது. படித்தபோது வயிறு கலங்கியது. ஆனால் மாலிக்கும் கென்யாவுக்கும் இடையே சுமார் 5,000 கிலோமீட்டர். மாலியில் நடந்ததற்கு நைரோபியில் இருக்கிற பையனின் கல்யாணத்தை நிறுத்துவது, ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்ததற்கு மதுரைக்குப் போகாமல் இருப்பது மாதிரி.

கிழக்குப் பக்கம் மட்டும் பத்திரமா? 2022 செப்டம்பரில் வெளியுறவுத்துறையே எச்சரிக்கை விட்டது. 'தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ் வேலை, கைநிறையச் சம்பளம்' என்று ஆன்லைனில் விளம்பரம். பாங்காக்கில் இறங்கியதும் வேனில் ஏற்றி, எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பக்கம் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து ஊர் ஊராக ஜனங்களை ஏமாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றவனுக்கு அடி, பட்டினி. அந்த வருஷம் அக்டோபரில் 13 தமிழ்நாட்டு இளைஞர்கள் மீண்டு சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை மீட்டு வந்தார்கள். அவர்களில் படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் நிறைய. நம் ஆபீஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எக்ஸெல் பார்க்கிறவனைப் போல.

'அதும் சிங்கப்பூர் பக்கந்தான' என்ற ஒரு வாக்கியம் எத்தனை பேரை அந்த வேனில் ஏற்றியிருக்கும் என்று யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது. சிங்கத்துக்குப் பயப்பட்டோம். மனுஷனுக்குப் பயப்பட மறந்தோம்.

ஆகவே கண்டத்தை விடுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் எடுக்கிற தம்பிகள் இந்த விஷயங்களை மட்டும் பாருங்கள்.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்க முடியாது. 'போனதும் மாத்திக்கலாம் தம்பி' என்று ஏஜென்ட் சொன்னால், நீங்கள் ஏஜென்டை மாற்றுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா நமக்கு 30 நாள் விசா இல்லாமல் கதவைத் திறந்தது சுற்றிப் பார்க்கத்தான், சம்பாதிக்க அல்ல.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட், மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை 'இ-மைக்ரேட்' தளத்தில் ஐந்து நிமிஷத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்டு, ரசீதும் தராதவர் உங்களுக்கு வேலை வாங்கித் தரவில்லை. உங்களையே வாங்குகிறார்.

நாட்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஊர் பெயர், கம்பெனி பெயர், தங்குமிடம், சாப்பாடு யார் செலவு, மாசக் கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒருத்தரோடு நாலு வார்த்தை பேசுங்கள். பெண் வீட்டார் கேட்க வேண்டியதும் இதே கேள்விகள்தான்.

கடைசியாக ஒன்று. மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள ஆப்பிரிக்க நாட்டுக்குப் போகிறீர்கள் என்றால், கிளம்ப 10 நாளைக்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும் போடுவார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். அந்தச் சின்ன மஞ்சள் அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால், ஏர்போர்ட்டிலிருந்து நேரே தனி வார்டு, ஆறு நாள் வரை. வீட்டில் நாட்டுக்கோழி அடித்து வைத்துக் காத்திருப்பார்கள்.

அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். பெயரும் எழுதி வையுங்கள். நம் பழைய ஆட்கள் பானையிலேயே எழுதியிருக்கிறார்கள்.