ஐம்பது மீட்டருக்கு அப்பால்

தியானப் பகுதி: உபாகமம் 21:1-9



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம், "ஐயா, கானாவூர்க் கலியாணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சரசமாக்கினாரே, குடும்பமாகச் சாப்பிடப் போகும் உணவகத்தில் ஒரு கோப்பை வைன் பரிமாற அனுமதித்தால் என்ன பிழை?" என்று கேட்டார். அருகில் நின்ற மூப்பர், "எங்கே வேண்டுமானாலும் கொடுக்கட்டும் தம்பி, ஆலயத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்" என்று முடித்துவிட்டார். உண்மையைச் சொன்னால், தம்பியின் கேள்வியைவிட மூப்பரின் பதிலே என்னை அதிகம் கலங்கச் செய்தது.

முதலில் கேள்விக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் சாதாரண உணவகம் மேசையில் வைன் பரிமாற முடியாது. நட்சத்திர விடுதிகளுக்கு எஃப்.எல்.3, மனமகிழ் மன்றங்களுக்கு எஃப்.எல்.2 என உரிமங்கள் உண்டு. மற்றவர்களுக்கு டாஸ்மாக் கடையும் அதையொட்டிய பாரும். வசதியுள்ளவர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து மரியாதையாகக் குடிக்கிறார். கூலி வாங்கித் திரும்புகிறவர் பிளாஸ்டிக் குவளையோடு நின்று குடித்து, தெருவில் எல்லாருடைய ஏளனத்துக்கும் ஆளாகிறார். இந்த ஏற்றத்தாழ்வு தம்பியின் மனதை உறுத்தினால் அது நியாயமே.

திராட்சரசம் தன்னிலே பாவம் என்று நான் போதிக்கப்போவதில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு அவனுடைய வயிற்றின் நிமித்தம் எழுதியதை நாம் வேதத்திலிருந்து அழித்துவிட முடியாது. ஆனாலும் உணவகங்களுக்கு அந்த உரிமம் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் நம் சபையிலேயே இருக்கிறது. குடியை விட்டு, ஒவ்வொரு நாளையும் போராடிக் கடக்கும் சகோதரர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளையின் பிறந்தநாளுக்கு மனைவி மக்களோடு அவர்கள் அச்சமின்றி உட்காரக்கூடிய இடங்களில் ஒன்று, பாட்டில் கண்ணில் படாத அந்த உணவக மேசை. ரோமர் 14ஆம் அதிகாரம் பேசுவது இப்படிப்பட்ட மேசையைப் பற்றித்தான். 2023ஆம் ஆண்டு, சிறப்பு உரிமத்தோடு திருமண மண்டபங்களிலும் மது பரிமாறலாம் என்று விதி திருத்தப்பட்டதும், எதிர்ப்பு எழுந்தபின் திருமண மண்டபங்கள் அதிலிருந்து நீக்கப்பட்டதும் நினைவிருக்கும். அன்று எழுந்த எதிர்ப்பில் நம் சபையாரும் மனதார இணைந்திருந்தோம்.

இனி மூப்பரின் பதில். 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை அமையக்கூடாது. பிற பகுதிகளில் 100 மீட்டர். கடை வாசலின் நடுப்புள்ளியிலிருந்து, ஒருவர் வழக்கமாக நடந்துபோகும் பாதை வழியாக, ஆலய வாசலின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். வணிகப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தில் இந்த அளவும் கிடையாது. கடைக்குப் பின்னர் வந்த ஆலயம் முறையிடவும் இயலாது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகள் அதில் இணைந்தன. அங்குள்ள ஆலயங்கள் அசையவில்லை, பள்ளிகளும் அசையவில்லை. பேரூராட்சி என்ற பெயர் மாறியதும் அவற்றுக்குரிய நூறு மீட்டர் ஐம்பதாகிவிட்டது. இதைக் குறித்து நாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இந்த அளவுகளை வாசித்தபோது உபாகமத்தின் அளவுகோல் நினைவுக்கு வந்தது. வெளியிலே ஒருவன் வெட்டுண்டு கிடக்கிறான்; கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டு வந்து, கிடப்பவனிலிருந்து சுற்றியுள்ள பட்டணங்கள் வரை அளக்கிறார்கள். எந்தப் பட்டணம் மிக அருகில் இருக்கிறதோ, அதன் மூப்பர் பள்ளத்தாக்குக்கு இறங்கி, கடாரியின்மேல் கைகழுவி, அந்த இரத்தத்துக்காகத் தேவனிடத்தில் மன்றாட வேண்டும். நமது விதி ஆலய வாசலைக் காப்பதற்காக அளக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணமோ விழுந்தவனுக்கு உத்தரவாதி யார் என்று அறிவதற்காக அளக்கிறது. அருகில் இருப்பது அங்கே ஒரு பொறுப்பு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில், ஆலயத்துக்கு அருகிலிருந்த கடையை அகற்றக்கோரி நாங்கள் மனுக்கொடுத்தோம். முதல் கையொப்பம் என்னுடையது. கடை அகன்றது, ஸ்தோத்திர ஆராதனையும் நடத்தினோம். அது போய்ச் சேர்ந்தது கட்டடத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த தெருமுனைக்கு. அந்தத் தெருவிலிருந்து நம் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தாயார், "எங்க பக்கமா தள்ளிவிட்டுட்டீங்களே ஐயா" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே அடுத்த சேகரக் கமிட்டியில் ஒரு விண்ணப்பம் வைக்கவிருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கும் ஞாயிறு பள்ளி அறையை, குடியிலிருந்து மீள முயல்வோர் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்குத் திறந்து கொடுக்க வேண்டும். "ஆலய வளாகத்துக்குள் குடிகாரர்களா?" என்ற ஆட்சேபணை வரும். அதனால், கமிட்டிக்கு முன்னரே அந்த மூப்பரின் வீட்டுக்குப் போய் அவரிடம் பேசப்போகிறேன். தம்பியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்