செடியிலிருந்து வந்ததால் மட்டும் ஒரு கேக் சத்துணவு ஆகிவிடாது

1/
"ப்ளான்ட் பேஸ்டு." "வீகன்." "நாட்டுச்சர்க்கரை." "மைதா இல்லை."
கடை போர்டில் இந்த நாலு வார்த்தை இருந்தா, உள்ளே விக்கிற மஃபின் உடம்புக்கு நல்லதுன்னு முடிவு பண்ணிடறோம். அந்த முடிவு தப்பு. ஏன்னு சொல்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம்தான். வீட்ல சுகர் பேஷன்ட் இருந்தா மட்டுமாவது கடைசி வரைக்கும் படிங்க.

2/
நான் செங்கல்பட்டு மாவட்டத்துல ஓர் அரசு மருத்துவமனையில் டாக்டர். எம்.பி.பி.எஸ். டயட்டீஷியன் கிடையாது. ஆனா சுகர், பிரஷர் ஓ.பி.யில் தினமும் உட்கார்றேன். யார் என்ன சாப்பிட்டாங்கன்னு அவங்க வாயால கேட்கிற வேலை அது. சாப்பாட்டைப் பத்திப் பேச எனக்கு அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன்.

3/
முதல்ல கணக்கு. ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வு, 2023இல் வெளியானது. நாட்டில் பெரியவர்களில் 11.4% பேருக்கு நீரிழிவு. ஏறத்தாழ 10 கோடி பேர். தமிழ்நாட்டில் 14.4%. இதே ஈ.சி.ஆர். ரோட்டைப் பிடிச்சு தெற்கே போனா வர்ற புதுச்சேரியில் 26.3%. நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல. இந்த ரோட்டோரத்துலதான் நாம "ஹெல்த்தி கேக்" கடை திறந்துகிட்டு இருக்கோம்.

4/
போன மாசம் ஓ.பி.க்கு வந்த ஒரு அம்மா. மாத்திரை ஒழுங்கா போடறவங்க. ஃபாஸ்டிங் எப்பவும் 130 சுத்தி இருக்கும். இந்த முறை 200 தாண்டியிருந்தது. "என்னம்மா சாப்பிடறீங்க?"ன்னு கேட்டா, "ஸ்வீட்டே தொடறதில்ல சார். என் பொண்ணு அந்த ஹெல்த்தி கேக்குதான் வாங்கித் தருது. காலையில டிபனுக்குப் பதிலா அதான். சக்கரையே இல்ல சார் அதுல, நாட்டுச்சக்கரைதான்."

5/
கடைசி வரியைத் திரும்பப் படிங்க. "சக்கரையே இல்ல, நாட்டுச்சக்கரைதான்." அந்த அம்மா மேல தப்பு இல்லை. மகள் மேலயும் இல்லை. அம்மாவுக்கு நல்லது வாங்கித் தரணும்னு காசு கூடக் கொடுத்து வாங்கியிருக்காங்க. ஒரு வார்த்தை அவங்களை ஏமாத்தியிருக்கு. என் சண்டை அந்த வார்த்தையோடதான்.

6/
இந்த மாதிரிக் கடை இங்கே புதுசு இல்லை. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெரு வெளிநாட்டுப் பயணிகளுக்காகவே வளர்ந்த தெரு. வீகன் மெனு அங்கே ரொம்ப நாளா உண்டு. கோவளத்துல சர்ஃபிங் வந்த பிறகு அந்தப் பக்கமும் கஃபேக்கள் வந்தாச்சு. இப்போ உள்ளூர் மக்களுக்காகவே குடியிருப்புத் தெருக்கள்ல சின்ன பேக்கரிகள் வருது. அப்படி ஒரு கடைக்கு நானே போனேன். பேர் வேண்டாம். அவங்க எந்தக் குற்றமும் செய்யல.

7/
சுத்தமான கடை. அடுப்புப் பக்கத்துல நின்ன பொண்ணு எதையும் மறைக்கல. முழுக்கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை, தேங்காய் எண்ணெய், வாழைப்பழம், கொஞ்சம் ஆளி விதை. முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. மஃபின் உண்மையிலேயே ருசியா இருந்துச்சு. விலை 90 ரூபாய். அளவு என்னன்னு கேட்டேன். அதையும் சொன்னாங்க. அந்த நேர்மைக்கு என் நன்றி.

8/
ஆறு பெரிய மஃபினுக்கு: மாவு 240 கிராம், நாட்டுச்சர்க்கரை 180 கிராம், எண்ணெய் 110 கிராம்.
ஒண்ணுக்கு: மாவு 40 கிராம், நாட்டுச்சர்க்கரை 30 கிராம், எண்ணெய் 18 கிராம். பழத்தையும் சேர்த்தா சுமார் 430 கலோரி. அதுல பெரும்பங்கு எண்ணெயும் சர்க்கரையும். மூணு இட்லி சாம்பாரோட சாப்பிட்டாலும் இவ்வளவு வராது.

9/
"நாட்டுச்சர்க்கரை வேற, வெள்ளைச் சர்க்கரை வேற"ன்னு கமென்ட்ல வருவீங்க. தெரியும். ரெண்டும் கரும்புதான். ரெண்டிலும் இருக்கிறது பெரும்பாலும் சுக்ரோஸ்தான். நாட்டுச்சர்க்கரையில் கொஞ்சம் தாது உப்பு கூட இருக்கும். ஆனா ரத்தத்துல குளுக்கோஸ் ஏறும்போது அது எந்த நிறச் சர்க்கரையிலிருந்து வந்ததுன்னு கணையம் பார்க்காது. பனைவெல்லம், தேன், பேரீச்சம்பழ சிரப் எல்லாத்துக்கும் இதே பதில்தான்.

10/
உலக சுகாதார நிறுவனம் சொல்றது: சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். 5 சதவீதத்துக்குக் கீழ வந்தா இன்னும் நல்லது. அதாவது நாளைக்கு சுமார் 25 கிராம். சமைக்கிறவர் சேர்க்கிற எந்தச் சர்க்கரையும் இந்தக் கணக்குல வரும். தேனும் வரும். ஒரே மஃபின்ல அந்த 25 கிராம் தீர்ந்து போச்சு. அன்னைக்கு நீங்க குடிக்கப்போற ரெண்டு காபி இன்னும் பாக்கி.

11/
தேங்காய் எண்ணெய்: அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயைவிட அதிகம். "வெண்ணெய் சேர்க்கல"ங்கறது பசுவுக்கு நல்ல செய்தி. உங்க எல்.டி.எல். கொழுப்புக்கு அது நல்ல செய்தியான்னு கேட்டா, இல்லை.
முழுக்கோதுமை: இதுல அந்தக் கடைக்கு முழு மார்க். 40 கிராம் மாவுல சுமார் 4 கிராம் நார்ச்சத்து கிடைக்கும். மைதாவுல அது கிடைக்காது.

12/
இப்போ முக்கியமான விஷயம். "ப்ளான்ட் பேஸ்டு"ங்கற வார்த்தைக்கு "விலங்கிலிருந்து எதுவும் எடுக்கல"ன்னுதான் அர்த்தம். உடம்புக்கு நல்லதுன்னு அர்த்தமே கிடையாது.
மைதா, செடி. வெள்ளைச் சர்க்கரை, செடி. பாமாயில், மரம். 1937இல் இருந்து இந்தியச் சமையலறைக்குள்ள இருக்கிற டால்டா வனஸ்பதி நூறு சதவீதம் தாவரம். புகையிலையும் செடிதான் மக்களே.

13/
சட்டமும் அதைத்தான் சொல்லுது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022இல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிற 'வி' எழுத்துல ஒரு இலை முளைச்ச முத்திரை இருக்கே, அது அதுக்குத்தான். பாக்கெட்ல பார்க்கிற பச்சைப் புள்ளியும் அப்படித்தான். ரெண்டுமே பொருள் எங்கிருந்து வந்ததுன்னு சொல்ற முத்திரை. சர்க்கரை எவ்வளவுன்னு ரெண்டும் சொல்லாது.

14/
சர்க்கரை பத்திச் சொல்ற விதி வேற. 2018 விளம்பர விதிமுறைப்படி, "சுகர் ஃப்ரீ"ன்னு போடணும்னா 100 கிராம்ல அரை கிராம் சர்க்கரைக்கு மேல இருக்கக் கூடாது. கையால எழுதின கரும்பலகையில் "நோ ஷுகர், ஒன்லி ஜாக்கரி"ன்னு போடறது அந்த விதியைக் கிண்டல் பண்ற மாதிரி. சுகர் பேஷன்டைப் பொறுத்தவரை அது கிண்டல்கூட இல்லை, ஆபத்து.

15/
அடுத்தது முட்டை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 1989இல் கருணாநிதி அதில் முட்டையைச் சேர்த்தார். இப்போ வாரம் 5 நாள் முட்டை. ஏழைக் குழந்தை தட்டுல ஒரு முட்டை வைக்க இந்த மாநிலம் இத்தனை வருஷம் செலவு பண்ணியிருக்கு. "முட்டை இல்லை, அதனால ஆரோக்கியம்"னு ஒரு பேக்கரி போர்டு எழுதினா எனக்குக் கோபம் வராதா? முட்டை ஒண்ணுல 6 கிராம் புரதம். அதை எடுத்துட்டு அந்த இடத்துல என்ன வச்சீங்க? வாழைப்பழமும் எண்ணெயும்.

16/
இது டாக்டரா சொல்றேன், கவனமா கேளுங்க. வைட்டமின் பி12 தாவர உணவுல கிடைக்காது. மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் கிடைக்கும். சுகருக்கு நாம கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா பி12 குறையலாம். குறைஞ்சா கால் மரத்துப் போகும், எரியும். சுகராலயும் அதேதான் ஆகும். ரெண்டும் சேர்ந்தா எது எதுன்னு கண்டுபிடிக்கவே நாளாகும்.
மெட்ஃபார்மின் போடற ஒருத்தர் "இனிமே முழுக்க வீகன்"னு முடிவு பண்ணா, டாக்டரைப் பார்த்து பி12 பத்திப் பேசாம ஆரம்பிக்கக் கூடாது. இதை எந்த மஃபின் போர்டும் சொல்லாது.

17/
"டாக்டர், பெரிய கம்பெனிகளை விட்டுட்டு சின்னக் கடையைப் பிடிக்கிறீங்களே?"
பெரிய கம்பெனி பாக்கெட்லயாவது பொருட்பட்டியல் இருக்கு. எது அதிகமோ அது முதல்ல வரணும்னு விதி இருக்கு. "ராகி பிஸ்கட்"டைத் திருப்பிப் பாருங்க, பலதுல முதல் பேரு மைதாவாத்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டியில வச்சு விக்கிற மஃபினுக்கு அந்தப் பட்டியலும் கிடையாது. அங்கே வார்த்தை மட்டும்தான் சாட்சி. அதனால அந்த வார்த்தை நேர்மையா இருக்கணும்.

18/
"உயிர்களைக் கொல்லாம சாப்பிடணும்னு நினைக்கிறது தப்பா?"
இல்லவே இல்லை. அது நல்ல காரணம். அந்தக் காரணத்தைச் சொல்லியே வித்துக்கோங்க. இரக்கத்தை இரக்கமாவே விக்கலாம், அதுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி மருந்துன்னு விக்காதீங்க.

19/
"பப்ஸ், கிரீம் கேக்குக்கு இது பரவாயில்லையே?"
ஆமா, பரவாயில்லை. ஆனா நம்ம ஆளுங்க பப்ஸை விட்டுட்டு இதைச் சாப்பிடறதில்லை. இட்லியை விட்டுட்டு இதைச் சாப்பிடறாங்க. "ஹெல்த்தி"ங்கறதால ரெண்டாச் சாப்பிடறாங்க. பப்ஸ் சாப்பிடும்போதாவது மனசு கொஞ்சம் உறுத்தும். இங்கே அந்த உறுத்தலையும் போர்டு எடுத்துடுது.

20/
முட்டையும் பாலும் இல்லாத சத்துள்ள நொறுக்குத்தீனி வேணுமா? கடற்கரைக் கோயில் பக்கம் நடந்து பாருங்க. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். நூறு சதவீதம் வீகன். போர்டு கிடையாது. வெந்த பட்டாணி 100 கிராம்ல சுமார் 8 கிராம் புரதம், அதே அளவு நார்ச்சத்து. சேர்த்த சர்க்கரை பூஜ்யம். விக்கிறவர் கை சுத்தமான்னு மட்டும் பார்த்துக்கோங்க. அவிச்ச வேர்க்கடலை, தை மாசத்துப் பனங்கிழங்கு எல்லாம் இதே வரிசை.
மீன் சாப்பிடறவங்களுக்கு இந்தக் கரையில மத்தியும் நெத்திலியும் இருக்கு. பி12 அங்கேயே கிடைக்கும்.

21/
பழசு எல்லாம் உயர்வுன்னு சொல்ல வரல. டீக்கடை பன்னும் பட்டர் பிஸ்கட்டும் நம்ம ஊர்ப் பழசுதான், அதையும் சுகர் பேஷன்ட் தொடக் கூடாது. புதுசா பழசாங்கறது கேள்வி இல்லை. உள்ளே என்ன, எவ்வளவு? அதான் கேள்வி.

22/
அதனால கடையில மூணு கேள்வி கேளுங்க. கூச்சப்படாதீங்க, காசு உங்களுது.
ஒண்ணு: ஒரு பீஸ்ல எந்த வகைச் சர்க்கரையா இருந்தாலும் மொத்தம் எத்தனை கிராம்?
ரெண்டு: மாவுல முழுத்தானியம் எவ்வளவு, மைதா எவ்வளவு?
மூணு: என்ன எண்ணெய், எவ்வளவு?
பதில் சொல்றவங்க கிட்ட வாங்குங்க. "எல்லாம் நேச்சுரல்தான்"னு மட்டும் சொல்றவங்க கிட்ட வாங்காதீங்க.

23/
பேக்கரி நடத்தறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கடையை மூடச் சொல்லல. விலைப் பலகையில் விலைக்குப் பக்கத்துல இன்னொரு எண் எழுதுங்க: "சர்க்கரை 30 கிராம்." சாக்பீஸ் செலவு மட்டும்தான். சர்க்கரையைப் பாதியாக் குறைச்சா அதையும் பெருசா எழுதுங்க, நானே வந்து வாங்கிட்டுப் போறேன்.

24/
கடைசியா, சுகர் பேஷன்ட் வீட்டுக்காரங்களுக்கு. பிறந்த நாளா? ஒரு மஃபினை நாலாப் பிச்சு, ஆளுக்கு ஒரு துண்டு, ஸ்வீட்னு சொல்லிச் சாப்பிடுங்க. யாரும் தடுக்கல. காலை டிபனுக்குப் பதிலா கொடுக்காதீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல 2021இல் இருந்து வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறாங்க, அதுக்கு ஒரு பைசா செலவு இல்லை.
அந்த அம்மா இப்போ காலையில ரெண்டு இட்லியும் ஒரு முட்டையும் சாப்பிடறாங்க. அடுத்த ரத்தப் பரிசோதனை வர்ற மாசம்.
உங்க வீட்ல "ஹெல்த்தி கேக்" வாங்கறவங்களுக்கு இதை அனுப்புங்க.