யந்திரத்தின் குரலைக் கேட்டவர்கள்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலே மாலை வேளையில் நடந்து செல்பவர்கள், கடற்காற்றை நாடி வந்து அமர்ந்திருக்கும் முதியோர் சிலரைக் காணலாம். அண்மையில் ஒரு நாள் நாமும் அவர்களருகே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். நோய்நொடிகளைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ பேசுவார்கள் என்று எண்ணிய நமக்கு வியப்பே காத்திருந்தது. அவர்கள் பேசியதெல்லாம் மோட்டார் வண்டிகளைப் பற்றியே. அதுவும் எத்தகைய வண்டிகள்! இரண்டே இருக்கைகளும், மடித்து வைக்கும் துணிக் கூரையும், நீண்ட மூக்கும் உடைய ஸ்போர்ட்ஸ் கார்கள். அப்பெயரைச் சொல்லும்போதே, எண்பதைக் கடந்த அக்கண்களில் பதினைந்து வயது எட்டிப் பார்த்தது.

பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத் தளத்தை 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளித்தது. அதற்கு முன்னர், ‘டொக்யார்ட்’ என வழங்கிய கடற்படைத் தொழிற்றளத்திலே நம்மவர் பலர் பிட்டர்களாகவும் கடைசல்காரர்களாகவும் வேலை பார்த்தனர். அம்முதியவர்களுள் ஒருவரின் தந்தையும் அங்கே பிட்டராக இருந்தவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்படை அதிகாரி ஒருவரின் எம்.ஜி. காரைத் திருத்தப் போவாராம். சாவிகளை எடுத்துக் கொடுக்க மகனையும் உடன் அழைத்துச் செல்வாராம். அது 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘டீ.சீ.’ என்னும் வகை. 1250 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள யந்திரம் கொண்டது. அவ்வகையில் ஏறக்குறைய 10,000 வண்டிகளே உலகில் பிறந்தன.

“ஐயா அந்த வண்டியை ஓட்டியிருக்கிறீர்களா?” என்று கேட்டோம்.

“ஒரு நாளும் இல்லை, தம்பி. ஓட்டியவர் துரை. ஆனால், அதன் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் எனக்குத்தான் தெரியும்” என்றார் அவர்.

இவ்விடையை நாம் எளிதில் மறக்கமாட்டோம். வண்டியின் வேகம் அதை வாங்க வசதியுள்ளவனுக்கு உரியதாக இருக்கலாம். அவ்வேகம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் அறிவோ, கையில் எண்ணெய் படியக் கூசாத எவனுக்கும் உரியது.

பிற்காலத்தில் அவர் வாங்கியது பழைய ‘மொறிஸ் மைனர் 1000’ ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரை இலங்கையில் அறியாத குடும்பம் அரிது. வைத்தியரும் வாத்தியாரும் ஏறிய வண்டி. மணமகளைக் கோயிலுக்குக் கொண்டு சென்ற வண்டி. 1956 முதல் இதில் 948 கன சென்ரிமீற்றர் யந்திரம் பொருத்தப்பட்டது. ஒஸ்ரின்–ஹீலி ‘ஸ்பிறைட்’ என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார், தவளைக் கண் போன்ற முகவிளக்குகளோடு 1958 இல் வெளிவந்தபோது, அதன் மூடியின் கீழிருந்ததும் இதே யந்திரந்தான்! மைனரில் ஒரு காபரேற்றர், ஸ்பிறைட்டில் இரண்டு. மைனரில் 37 பரிவலு, ஸ்பிறைட்டில் 43. சாதுவான அண்ணனும் துடுக்கான தம்பியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. ஆகவே, மைனரின் மூடியைத் திறந்து பழகியவன், ஸ்பிறைட்டையும் திறந்து பார்த்தவனே ஆனான்.

அந்நாளில் வீட்டு முற்றத்திலே, வேப்பமர நிழலிலே, யந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் கலை எவ்வாறு நடந்தது? முதியவர்கள் விவரித்ததை மாணாக்கர்களுக்காகச் சுருக்கிச் சொல்வோம்.

வண்டி கிளம்ப மறுத்தால் அவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டே. பெற்றோல் வருகிறதா? தீப்பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளிர்பழுப்பு நிறமாயின் யந்திரம் நலமாக உள்ளது. கரி படிந்து கறுத்திருந்தால் பெற்றோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போன்றதே இதுவும். தீப்பொறியை ஏவும் தொடுமுனைகளின் இடைவெளியோ ஓர் அங்குலத்தை ஆயிரங் கூறாக்கினால் அதில் 15 கூறளவு. அதை மெல்லிய உருக்குத் தகட்டை நுழைத்து அளந்து சரிசெய்வார்கள்.

இரண்டு காபரேற்றர்கள் உள்ள வண்டியாயின் வேலை இன்னும் நுட்பமானது. இரண்டும் சம அளவில் காற்றை உறிஞ்சவேண்டும். அதற்கு வேண்டிய கருவி ஒரு முழ நீள இறப்பர்க் குழாய். அதன் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் காபரேற்றரின் வாயருகே பிடித்தால், பாம்பு சீறுவது போன்ற ஒலி கேட்கும். இரண்டிலும் அவ்வொலி ஒன்றாகும்வரை திருகாணியைச் சிறுகச் சிறுகத் திருப்புவார்கள். யந்திரத்துக்கும் சுருதி உண்டு என்பதை இவர்கள் செவியால் அறிந்திருந்தார்கள்.

பல்லாயிரம் மைல்கள் ஓடியபின் சிலிண்டரின் தலைப்பகுதியைக் கழற்றிக் கரியைச் சுரண்டவேண்டியிருக்கும். வால்வுகளுக்கு அரைபசை தடவி, முனையில் இறப்பர் உறிஞ்சி உள்ள கோலை இரு உள்ளங்கைகளுக்கும் இடையே மத்துப் போலக் கடைந்து கடைந்து, வால்வு தன் இருக்கையில் சிறிதும் ஒழுக்கில்லாமல் பொருந்தச் செய்வார்கள். திரும்பப் பூட்டும்போது நடுவிலுள்ள நட்டுகளை முதலில் இறுக்கி, வெளிப்புறமாக ஒழுங்கு தவறாமல் செல்லவேண்டும். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் தலைப்பகுதி வளைந்து நீர் ஒழுகும். ஒரு முறை அவ்வாறு செய்துவிட்ட மகனைத் தந்தை அடிக்கவில்லையாம், “எல்லாவற்றையும் கழற்று, மறுபடி தொடங்கு” என்று மட்டுமே சொன்னாராம். அடியைக் காட்டிலும் அதுவே நல்ல தண்டனையும் நல்ல பாடமும் ஆயிற்று.

இவையெல்லாம் பொழுதுபோக்காகத் தொடங்கியவை. ஆனால், இந்நாட்டின் வரலாறு அப்பொழுதுபோக்கை வாழ்வுத் தேவையாக மாற்றிவிட்டது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி ஒடுங்கியது. புது வண்டி வராதபோது பழைய வண்டியைக் காப்பாற்றத் தெரிந்தவனே பயணஞ் செய்தான். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அங்கே மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின! சில துளி பெற்றோலில் யந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள்.

இது மந்திரமன்று. குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது; சூடேறிய யந்திரத்தில் ஆகும். இரு தாங்கிகள் கொண்ட உழவு யந்திரங்கள் இதே முறையில் வயல்களில் ஏற்கெனவே உழுதிருக்கின்றன. புகை மிகும், யந்திரம் இடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். இவ்வளவையும் தெரிந்துகொண்டே ஓட்டினார்கள். நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்ல வேறு வழி இருக்கவில்லை. முற்றத்து அறிவு உயிர்களைச் சுமந்த காலம் அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. 2022 இல் பெற்றோல் நிலையங்களின் முன் நாட்கணக்கில் நின்ற வரிசைகளை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாட்களிலும் திருத்தத் தெரிந்தவனைத் தேடியே ஊர் அலைந்தது.

இன்றைய கார்களின் மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பிளாஸ்ரிக் உறையே. பழுதைக் கணினி சொல்கிறது. புதிய வண்டிகளை நாம் குறை கூறவில்லை. அவை புகையைக் குறைத்தன. விபத்தில் உயிரைக் காக்கின்றன. மழை நாளிலும் தவறாமல் கிளம்புகின்றன. ஆயினும், உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்கவும் தோன்றாத ஒரு தலைமுறையை அவை வளர்த்துவிடுமோ என்பதே நமது கவலை.

பேச்சின் முடிவில் முதியவர் மற்றொன்றும் சொன்னார். தளம் கைமாறியபின் வேலை இழந்த தந்தை, வீதியோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு சாவிப் பெட்டியைக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றினாராம். அப்பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. உப்புக்காற்று தின்றுவிடாதபடி மாதந்தோறும் எண்ணெய் பூசி வைக்கிறார். ஆனால், அவை அங்குல அளவுச் சாவிகள். இன்றைய யப்பானிய வண்டிகளின் மில்லிமீற்றர் நட்டுகளுக்குப் பொருந்தமாட்டா. “இந்தப் பெட்டி எதற்கு, அப்பப்பா?” என்று உயர்தர வகுப்பிற் படிக்கும் பேத்தி கேட்டாளாம். அவரிடம் அன்று விடை இருக்கவில்லை.

நாம் ஒரு விடை சொல்லத் துணிகிறோம். சாவி பொருந்தாமற் போகலாம். அதைப் பிடித்த கை கற்ற ஒழுங்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். முதலில் கேள்; பின் பார்; அளந்து பார்; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; கழற்றிய ஒழுங்கை நினைவில் வை; தவறினால் மறுபடி தொடங்கு. தண்ணீர்ப் பம்பியாயினும் தையல் யந்திரமாயினும் கணினியாயினும், ஏன், கணக்குப் பாடமாயினும் வழி இதுவே.

பெற்றோரே, வருகிற ஞாயிறன்று வீட்டிலுள்ள பழைய துவிச்சக்கர வண்டியையாவது பிள்ளைகளிடம் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். மகனை மட்டுமன்று, மகளையும் அழையுங்கள். ஒரு நட்டு மிஞ்சினால் கோபிக்காதீர்கள். அது எங்கே இருந்ததென்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.