புல்லின் சிக்கனம்

சித்திரை வெயிலில் சருகாய்க் கிடக்கும் புல்தரையைப் பார்த்து, "இதன் கதை முடிந்தது" என்று எண்ணுகிறோம். ஒரு நல்ல மழை பெய்யட்டும். சில நாட்களுக்குள் அங்கே பசுமை தலைகாட்டி விடுகிறது. இத்தனை நாளும் அந்த உயிர் எவ்விதம் பிழைத்துக் கிடந்தது? விடை பூமிக்கு அடியில் இருக்கிறது.

ஜலம் குறைந்தால் செடியானது நாலா பக்கமும் வேரை நீட்டித் தண்ணீர் தேடும் என்று நினைப்பது சகஜம். ஆனால் புல் ஜாதி இந்த விஷயத்தில் வேறு விதமாக நடந்து கொள்கிறது.

நெல், கம்பு, சோளம், தினை, கரும்பு எல்லாம் புல் ஜாதியைச் சேர்ந்தவையே. இவற்றின் விதை முளைத்ததும் முதல் வேர் ஒன்று கீழே இறங்குகிறது. பிறகு, தண்டின் அடிக் கணுக்களிலிருந்து பல வேர்கள் கொத்தாகப் புறப்பட்டு மண்ணில் பரவுகின்றன. வளர்ந்த பயிருக்குப் பெரும்பாலும் தண்ணீர் கொண்டு வருபவை இந்தக் கணு வேர்கள்தாம்.

தினையின் மூதாதையாகிய ஒரு காட்டுப் புல்லைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. மண்ணுக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது? மின்மினியின் ஒளிக்குக் காரணமான ஜீனைப் புல்லில் சேர்த்து, வேர்களையே ஒளிரச் செய்து படமெடுத்தார்கள்! அடித்தண்டைச் சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இருக்கிறதா என்பதை அந்த இடமே உணர்ந்து கொள்கிறது. ஈரம் இல்லையென்றால் கணு வேர்கள் அரும்பிய அளவிலேயே நின்று விடுகின்றன. முதல் வேரும் அதன் கிளைகளும் மட்டுமே தொடர்ந்து வளர்கின்றன. மீண்டும் தண்ணீர் கிடைத்ததும், காத்திருந்த கணு வேர்கள் விரைவாகக் கிளம்புகின்றன. சோதித்த புல் வகைகள் அனைத்திலும் இந்தக் குணம் காணப்பட்டது.

இது என்ன உபாயம்? வேர்கள் பெருகினால் மண்ணில் எஞ்சிய ஈரம் சீக்கிரம் உறிஞ்சப்பட்டு, இலை வழியே ஆவியாகிப் போய்விடும். புல்லோ இருப்பதைச் சிறுகச் சிறுகச் செலவிடுகிறது. இருபதாம் தேதிக்கு மேல் குடும்பம் நடத்தும் சம்பளக்காரர்களுக்கு இந்த ரகசியத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

நாம் கவலையுடன் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மனிதன் பயிராக்கிய தினையிலும் மக்காச்சோளத்திலும், அவற்றின் காட்டு உறவினரைக் காட்டிலும் இந்தக் குணம் மங்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கியதில் நாமே அதைக் குறைத்திருக்கக் கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்கிறார்கள். கணு வேர்களே இல்லாத ஒருவகை மக்காச்சோளச் செடி, தண்ணீர்ப் பஞ்சத்தில் மற்றவற்றை விட உடலில் அதிக ஈரம் காத்தது என்பதும் யோசிக்கத் தக்கது.

அதற்காகக் கணு வேர்களே வேண்டாம் என்று சொல்லலாகாது. மழை நன்றாகப் பெய்யும் காலத்தில் நீரையும் உரத்தையும் சேர்ப்பவை அவைதாமே? வேண்டியது, காலமறிந்து செலவிடும் குணம். வேர் செல்லும் திசையும் முக்கியம். மேலாக வேரோடும் ஐ.ஆர். 64 என்ற நெல்லில், பிலிப்பைன்ஸ் மேட்டு நிலத்து நெல் ஒன்றின் ஜீனைச் சேர்த்தபோது வேர்கள் செங்குத்தாகக் கீழே இறங்கின. வறட்சியிலும் அந்நெல் கூடுதலாக விளைந்தது. இது 2013-இல் வெளியான செய்தி.

வானத்தை நம்பி விதைக்கும் மானாவாரிக் குடியானவருக்கு, ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே பயிர் பத்து நாள் கூடுதலாகத் தாக்குப் பிடிப்பது வாழ்வா தாழ்வா என்ற பிரச்னை. இதுவரை கதிரின் கனத்தைப் பார்த்தே விதை பொறுக்கி வந்தோம். இனி, கண்ணுக்குத் தெரியாத வேரின் குணத்தையும் பார்த்தாக வேண்டும். காலடியில் மிதிபடும் காட்டுப் புல்லைக் களையென்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். நம் பயிர்கள் மறந்து வரும் பாடம் அதற்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.