கடைக்கு விடுமுறை வேண்டாம், முதலாளிக்கு வேண்டும்

தீபாவளிச் சரக்குக்கு நாம் எப்போது ஆர்டர் கொடுக்கிறோம்? ஆடி பிறந்ததும் கொடுத்து விடுகிறோம். எவ்வளவு பணம் புரட்ட வேண்டும், கிடங்கில் எவ்வளவு இடம் வேண்டும், கூடுதலாக எத்தனை ஆட்கள் வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே கணக்குப் போடுகிறோம். ஆனால் நமது முழங்காலில் செய்யப்படும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு மட்டும் "இந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி, அடுத்த வெள்ளிக்கிழமை கடை" என்று ஒரே வரியில் திட்டத்தை முடித்து விடுகிறோம். இந்தப் போக்கு மாற வேண்டும்.

முழங்கால் வலி நமது தொழிலோடு பிறந்தது. மூட்டை தூக்குவது, குந்தி அமர்ந்து சரக்குப் பிரிப்பது, கிடங்குப் படிகளில் நாளெல்லாம் ஏறி இறங்குவது என்று பல ஆண்டுகள் உழைத்த மூட்டு தேய்வது இயற்கை. நேரத்துக்குச் சாப்பிடாமல், நடையும் இல்லாமல் உடல் எடையும் கூடிவிட்டால் தேய்மானம் இன்னும் விரைவாகிறது. ஐம்பத்தைந்து, அறுபது வயதில் கடைப்படி ஏறக் கதவைப் பிடித்துக் கொள்ளும் உறுப்பினர்கள் எல்லாக் கடை வீதிகளிலும் இருக்கிறார்கள்.

வலி உள்ள எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதை முதலில் சொல்லி விடுகிறோம். எடையைக் குறைப்பது, தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, டாக்டர் தரும் மருந்து ஆகியவற்றால் பல ஆண்டுகள் நன்றாக நடமாடுவோர் பலர். எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பது மட்டுமே காரணமாகி விடாது. இரவில் தூக்கம் கெடுகிறதா, நாலு கடை தூரம் நடக்க முடியவில்லையா, மற்ற சிகிச்சைகளால் பலன் இல்லையா என்பவையே கேள்விகள். சரக்குக்கு இரண்டு இடத்தில் விலை கேட்கும் நாம், காலுக்கும் இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் தேவை என்று உறுதியான பிறகும் "கடையை யார் பார்ப்பது?" என்று வருடக்கணக்கில் தள்ளிப் போடுவது நஷ்டக் கணக்கு. கால் வளைந்து, தசை மெலிந்து, நீட்ட முடியாத நிலைக்கு வந்த பின் செய்யும் சிகிச்சையில் மீள்வது கடினம். புது மூட்டு எவ்வளவு நாள் உழைக்கும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 2019ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, முழுமையாக மாற்றிய முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்குச் சுமார் 82, இருபத்தைந்து ஆண்டுகள் நீடிப்பதாக மதிப்பிட்டிருக்கிறது.

தேதி குறிக்கும் முன் உடலைத் தயார் செய்ய வேண்டும். நம்மில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. சர்க்கரை கட்டுப்படாமல் அறுவை செய்தால் மூட்டில் கிருமி சேரும் ஆபத்து கூடுகிறது. எனவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்து, டாக்டர் சம்மதித்த பிறகே நாள் குறிக்க வேண்டும். சொத்தைப் பல், காலில் ஆறாத புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும். பீடி, சிகரெட், புகையிலையைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும். இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவோர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. "கடை நாள் மிச்சமாகும், இரண்டு காலையும் ஒரே தடவையில் செய்து விடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியது இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று பார்க்கும் டாக்டர்தான். நமது கல்லாப்பெட்டி அல்ல.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். மேற்கத்திய முறைக் கழிப்பறை, குளியலறையில் பிடித்துக் கொள்ளக் கம்பி, கை வைத்த உயரமான நாற்காலி, பாய்க்குப் பதில் கட்டில், கீழ்த்தளத்தில் ஓர் அறை ஆகியவை வேண்டும். கால் தடுக்கும் மிதியடிகளை அப்புறப்படுத்தி விட வேண்டும். இவற்றைச் செய்து முடித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதே முறை.

அடுத்தது கடை. ஜவுளிக் கடைக்காரர் தீபாவளி முடிந்த பின், நோட்டுப் புத்தகக் கடைக்காரர் பள்ளி திறப்பு வியாபாரம் ஓய்ந்த பின் என்று அவரவர் மந்தமான மாதத்தைத் தேர்ந்து கொள்ளலாம். குறைந்தது ஆறு வாரம் கடை வேறொருவர் பொறுப்பில் ஓட வேண்டும். இங்கேதான் நமக்குத் தயக்கம். சாவியைக் கொடுத்தாலும் கணக்கைக் கொடுக்க மனம் வருவதில்லை. யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது நம் மனதில் மட்டும் இருக்கிறது. மாதாந்திர ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நாம் படுத்திருக்கிறோம் என்பதற்காகத் தள்ளிப் போகாது. பாக்கிப் பட்டியலை எழுதி வைப்பது, செக்கில் கையெழுத்திடும் அதிகாரத்தை வங்கி விதிப்படி மனைவிக்கோ மகனுக்கோ மகளுக்கோ தருவது, கணக்காளரை முன்பே சந்திப்பது ஆகிய மூன்றும் அவசியம். ஆறு வாரம் முதலாளி இல்லாமல் நடக்க முடியாத கடை, முழங்கால் நன்றாக இருந்தாலும் பலவீனமான கடைதான்.

அறுவை சிகிச்சை டாக்டரின் வேலை. அதற்குப் பின் வரும் வாரங்கள் நமது வேலை. பெரும்பாலோரை மறுநாளே, சில இடங்களில் அன்றே, வாக்கர் பிடித்து நிற்க வைக்கிறார்கள். சில நாட்களில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு வாரத்தில் தையல் பிரிகிறது. தையல் பிரிந்ததும் கால் சரியாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்கு வந்து உட்காருவதுதான் நாம் கண்டிக்கும் பழக்கம். காலைத் தொங்கவிட்டு எட்டு மணி நேரம் கல்லாவில் அமர்ந்தால் கால் வீங்கும். வீங்கிய காலில் பயிற்சி செய்ய முடியாது. பயிற்சி இல்லாத மூட்டு இறுகிவிடும். படி ஏறவும் நாற்காலியில் உட்காரவும் முழங்கால் சுமார் 90 டிகிரியாவது மடங்க வேண்டும். நேராக நீளவும் வேண்டும். இதற்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைத் தினமும் பலமுறை செய்ய வேண்டும். சுகமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் கால் மடங்கியபடியே நின்று விடும்.

சுமார் ஆறு வாரத்தில், டாக்டர் அனுமதித்தால், அரை நாள் கடைக்கு வரலாம். முழு பலம் வர மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு ஆகும். மூட்டை தூக்குவதையும் குந்தி உட்காருவதையும் அதன் பின்னும் தவிர்ப்பதே நல்லது. கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், காய்ச்சல், தையலில் கசிவு இருந்தால் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல், அறுவை செய்த டாக்டரிடமே உடனே போக வேண்டும். திடீர் மூச்சுத் திணறல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 108க்கு அழைக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில், பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக ரூ.54,720 என்று உச்ச விலை வைத்தது. அதற்கு முன் ஒன்றரை லட்சம் வரை இருந்த பொருள் அது. அந்தக் கட்டுப்பாடு பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. எனவே மூட்டின் கம்பெனிப் பெயரும் விலையும் தனியாகக் காட்டிய பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் மூட்டு மாற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ காத்திருப்புக் காலம் உண்டு. வலி வந்த பின் பாலிசி எடுப்பது, கடை பற்றிய பின் தீ இன்சூரன்ஸ் எடுப்பது போல. குறைந்த வருமானமுள்ள சிறு கடைக்காரர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டுத் தேய்மானம் ஆண்களை விடப் பெண்களுக்கே அதிகம். காலையில் அடுப்படி, பகலில் கல்லா என்று நிற்கும் அவர்களின் வலிதான் கடைசியில் கவனிக்கப்படுகிறது. முதலாளிக்கு ஆறு வாரம் ஓய்வு என்றால் அவர்களுக்கும் அதே ஆறு வாரம் வேண்டும். அந்த நாட்களில் சமையலுக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். கடைச் சிப்பந்திகள் நாளெல்லாம் நின்றபடி இருக்கக் கூடாது, அமர இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021ல் சட்டத் திருத்தம் செய்ததையும் நினைவூட்டுகிறோம். நமது கால் வலி தெரிந்த நமக்கு அவர்கள் கால் வலியும் தெரிய வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. அறுவை சிகிச்சைக்குச் செல்லும் சில்லறைக் கடைக்காரருக்கு மொத்த வியாபாரிகள் ஒரு மாதத் தவணை கூட்டித் தரலாம். பக்கத்துக் கடைக்காரர்கள் முறை வைத்து மாலையில் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். சிகிச்சை செய்து தேறிய உறுப்பினர்கள், புதிதாகச் செல்பவரின் வீட்டுக்குப் போய் நடந்து காட்டலாம். இந்த மூன்றுக்கும் பெரிய செலவில்லை. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம்.